தாங்கும் நீரும் தடுக்கும் நீரும்

பிறவியைக் கடலென்றும், அருளைப் புணையென்றும், வீட்டை அக்கரையென்றும் சொல்லிவந்த மரபிலே பிறந்த நமக்கு, நீர் என்பது கடக்கப்பட வேண்டிய ஒன்றாகவே மனத்தில் பதிந்திருக்கிறது. சைவரும் வைணவரும் பௌத்தரும் தம்முள் எத்தனை வாதம் புரிந்தபோதிலும், அலை அஞ்சத்தக்கது, ஆழம் விழுங்குவது, கரை சேர்ந்தவனே பாக்கியவான் என்ற இந்த உருவகத்தில் மட்டும் ஒருமித்து நிற்கிறார்கள். ஆயினும் அந்த உருவகத்துக்குள்ளே ஒரு கேள்வி நெடுங்காலமாகக் கிடக்கிறது. புணையைத் தாங்குவது எது? மூழ்கடிக்கும் நீர்தானே அதனைத் தாங்கவும் செய்கிறது? நீரில்லாத இடத்தில் புணை வெறும் மரக்கட்டையாய்க் கிடக்குமே அன்றி ஓரடியும் நகராது. அப்படியானால், ஜீவனைப் பந்தப்படுத்துகிற இந்தப் பிரபஞ்சமே அதனை ஏந்தி நடத்துகிற ஆதாரமாகவும் இருக்கும்போது, பற்றை விடுதல் என்று பெரியோர் உபதேசித்தது அந்த ஆதாரத்தை உதறித் தள்ளுவதா, அல்லது அதன்மேல் நாம் அமர்ந்திருக்கும் விதத்தை மாற்றிக்கொள்வதா?

சாஸ்திர விசாரத்தில் தொடங்கிச் சாஸ்திர விசாரத்திலேயே முடியக்கூடிய இந்தக் கேள்வி, எனக்கு உருவம் பெற்றுத் தெளிந்தது தென்காசிக்குக் கிழக்கே, சிற்றாற்றுக் கால்வாயால் நிறைந்து மறுகால் பாயும் ஒரு குளத்தின் கரையில், ரேடியோ கண்ட்ரோல் விமானத்துக்கு மிதவை பூட்டி நீரிலிருந்து பறக்கவிட்ட ஓர் இளைஞருடைய வேலையை அருகிருந்து பார்த்தபோதுதான். அந்த வேலையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். நான் சொல்லவந்த தத்துவம் அதன் நுணுக்கங்களுக்குள்ளே தங்கியிருக்கிறது.

இறக்கை உடலுக்கு மேலே அமைந்து, ஒரு முனை முதல் மறுமுனை வரை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலம் கொண்டு, மிதவைகளையும் சேர்த்து மூன்று கிலோ எடையுள்ள ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். அது நீரில் நிற்க மூன்று லிட்டர் நீரை விலக்கியாக வேண்டும் என்பது ஆர்க்கிமிடீஸ் வகுத்த விதி. ஆனால் மூன்று லிட்டர் கொள்ளளவுள்ள மிதவைகளைப் பூட்டினால், அவை முழுவதும் அமிழ்ந்து, மேல்தளம் நீர்மட்டத்தோடு சமமாகி, சிறு அலையொன்று வந்தாலும் விமானம் கவிழ்ந்துவிடும். மனிதர் ஏறிச் செல்லும் பெரிய கடல்விமானங்களின் மிதவைகள், விமானத்தின் முழு எடையைத் தாங்கத் தேவையானதற்கு மேல் 80 சதவீதம் உபரியாகத் தாங்கவல்லவையாக இருக்கவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி நம்முடைய சிறு விமானத்தின் இரண்டு மிதவைகளும் சேர்ந்து 5.4 லிட்டர் கொள்ளளவு பெற வேண்டும். தெர்மோகோல் பாளத்தைச் சூடேறிய கம்பியால் அறுத்து, அதன்மேல் பைபர்கிளாஸ் துணியை எபாக்சி பசையால் ஒட்டி, நீர் புகாதபடி மெழுகியது போல் வழவழப்பாக்கி, எஃகுக் கம்பிகளை வளைத்துக் கால்களாக்கி உடலோடு பிணைக்கிறார்கள். விமான உடலின் நீளத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் மிதவையின் நீளம் இருக்க வேண்டும். அதன் மூக்கு புரொப்பெல்லரைக் கடந்து முன்னே நீண்டிருக்க வேண்டும். இல்லையேல் வேகம் குறையும் கணத்தில் விமானம் தலைகுப்புற நீரில் பாயும். மிதவைகள் பூட்டியதால் முன்புறத்தில் பக்கப்பரப்பு மிகுந்து விமானம் திசை தடுமாறும் என்பதற்காக வாலின் அடியில் ஒரு சிறு துடுப்புத் தகட்டைச் சேர்க்கிறார்கள். ஆணையை வாங்கும் ரிசீவர் நனையாதிருக்க அதனை ஒரு ரப்பர் பலூனுக்குள் இட்டுக் கட்டிவிடுகிறார்கள். இரண்டு மிதவைகளும் ஒன்றுக்கொன்று இணையாகவும் சமமட்டமாகவும் அமைவது எல்லாவற்றிலும் முக்கியம். ஒன்று மற்றதைவிடச் சற்றே அமிழ்ந்தாலும், நேரே ஓட வேண்டிய விமானம் நீரின்மேல் வட்டமிடத் தொடங்கிவிடும். நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒரே மனத்தோடு ஏற்கும் நிலையை இருவினையொப்பு என்று கூறி, அது வாராமல் அருள் பதிவதில்லை என்று சைவ சித்தாந்திகள் வற்புறுத்தியதன் நியாயத்தை நான் அங்கே கண்ணால் கண்டேன்.

ஆனால் மிதவையின் உயிர்நிலை அதன் அடிப்பாகத்தில் இருக்கிறது. படகின் அடியைப் போல் மூக்கிலிருந்து வழவழவென்று வரும் அந்த அடிப்பாகம், விமானத்தின் எடை மையத்துக்குச் சற்றுப் பின்னே, விரலகலத்துக்குத் திடீரென்று வெட்டுண்டு மேலேறி, பிறகு வாலை நோக்கிச் சாய்வாக உயர்ந்து செல்கிறது. இந்த வெட்டைப் படி என்கிறார்கள். அறியாதவர் கண்ணுக்கு அது தச்சனின் பிழையாகத் தோன்றும். அந்த வெட்டு இல்லாவிட்டால் விமானம் எத்தனை விசையோடு ஓடினாலும் நீர் அதனை விடாது. வழவழப்பான பரப்பை நீர் இறுகத் தழுவிக்கொண்டு, எழ எழப் பின்னே இழுத்துக்கொண்டிருக்கும். படியின் விளிம்பில் நீர் அறுந்து பிரிகிறது. பிரிந்த இடத்தில் காற்று நுழைகிறது. காற்று நுழைந்தபின் தழுவல் தளர்கிறது. 1910 மார்ச் 28-ல் பிரான்ஸ் தேசத்தின் பெர் ஏரியில் ஹென்றி ஃபாபர் என்பவர் முதன்முதலாக இயந்திர விமானத்தை நீரிலிருந்து எழுப்பினார். அமெரிக்காவிலே கிளென் கர்ட்டிஸ் 1912-ல் கட்டிய முதல் பறக்கும் படகோ நீரை விட்டு எழ மறுத்தது. அதே ஆண்டில், அடிப்பாகத்தில் படியை வைத்துக் கட்டிய அடுத்த படகு எழுந்தது. அன்று முதல் நீரிலிருந்து எழும் விமானங்களெல்லாம் அந்த வெட்டைச் சுமந்தே வருகின்றன. இரண்டாம் உலகப் போரின்போது சென்னைக்கு அருகே செங்குன்றம் ஏரியில் தங்கியிருந்த காட்டலினா விமானங்களுக்கும், 1942 ஏப்ரல் 4-ல் இலங்கையின் தென்கோடியிலுள்ள கொக்கலையிலிருந்து சென்று ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு முன்னறிவித்த விமானத்துக்கும் அடியில் இருந்தது இதே படிதான்.

குற்றாலத்துப் பேரருவியில் நீராடியவர்கள் இதற்கு நிகரான ஓர் அமைப்பின் கீழே, அதனை அறிந்தோ அறியாமலோ, நின்றிருப்பார்கள். மலையுச்சியிலிருந்து சிற்றாறு ஒரே பாய்ச்சலாகத் தலைமேல் விழுமானால் எந்த மனிதனும் அதன் கீழே நிற்க முடியாது. நடுவழியில் பாறை குடைந்து ஆழ்ந்திருக்கிறது; பொங்குமாகடல் என்று அதற்குப் பெயர். விழும் நீர் அங்கே வந்து மோதி, தன் மூர்க்கத்தை இழந்து, பொங்கி வழிந்து, பிறகே கீழே இறங்குகிறது. ஓட்டத்தில் ஒரு முறிவு இருப்பதனாலேயே அந்த அருவி குழந்தையும் நனையக்கூடிய அருவியாயிற்று. மனித வாழ்விலும் இடையூறின்றி வழவழவென்று செல்லும் காலத்தில்தான் உலகம் நம்மை மிக இறுகத் தழுவுகிறது என்றும், ஓரிடத்தில் விழும் வெட்டு, அது நோயாயினும் பிரிவாயினும் அவமானமாயினும், அந்தத் தழுவலுக்குள்ளே சிறிது காற்றை நுழையவிடுகிறது என்றும் நான் நினைக்கிறேன். மருள்நீக்கியார் திருநாவுக்கரசரானது சூலை நோய் என்னும் வெட்டினால். ஆனால் வெட்டு எங்கு விழுந்தாலும் பயன் தரும் என்று சொல்லுவது உண்மையாகாது. எடை மையத்துக்கு வெகு முன்னே படியை வைத்தால் விமானம் நிலைதடுமாறும். வெகு பின்னே வைத்தால் எழும்பவே எழும்பாது. துன்பமெல்லாம் ஞானத்தைத் தரும் என்று ஆறுதல் கூறுவோர் துன்பப்படுவோரின் நிலையைக் கருதாமல் பேசுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இனி, விமானம் எழும் முறைக்கு வருவோம். மோட்டாரை முடுக்கியவுடன் அது பறந்துவிடுவதில்லை. முதலில் அது முழுக்க முழுக்கப் படகாகவே இருக்கிறது. தன் எடைக்குச் சமமான நீரை விலக்கி, விலக்கிய பள்ளத்திலே அமிழ்ந்து, குளத்தை உழுதுகொண்டு போகிறது. வேகம் கூடக் கூட நீரின் எதிர்ப்பும் கூடுகிறது. மூக்கு நிமிர்கிறது, பின்புறம் அமிழ்கிறது, இருபுறமும் நீர் வாரி இறைக்கப்படுகிறது, மோட்டாரின் ஓசை திணறலாக மாறுகிறது. எதிர்ப்பின் உச்சம், விமானம் படியின்மேல் ஏறுவதற்குச் சற்று முன்னே வந்து நிற்கிறது. அந்த மேட்டைத் தாண்டப் போதிய விசையில்லாத விமானம் குளத்தின் இக்கரையிலிருந்து அக்கரை வரை உழுதபடியே போய் நாணலில் முட்டி நின்றுவிடும். தாண்டிவிட்டாலோ, ஒரே கணத்தில் எல்லாம் மாறிவிடுகிறது. மிதவை உயர்ந்து, படியின் விளிம்பளவே நீரைத் தொட்டுக்கொண்டு வழுக்கி ஓடுகிறது. இறைந்த நீர் அடங்குகிறது. எதிர்ப்பு சரேலென்று குறைகிறது. விலக்கிய நீரின் பலத்தால் இதுவரை மிதந்திருந்தது, இப்போது அடியில் வந்து மோதும் நீரின் பலத்தால் தாங்கப்படுகிறது. அதே குளம், அதே நீர், அதே எடை. ஆயினும் மூழ்கி இருத்தல் போய் மேலே இருத்தல் வந்துவிட்டது, இன்னும் நீரைவிட்டுப் பிரியவில்லை.

தியானத்திலும் தவத்திலும் முயன்றோர் கூறுவதும் இதனோடு ஒத்திருக்கிறது. மனம் ஒருமுகப்படத் தொடங்கும் வேளையிலேதான் பழைய வாசனைகள் முன்னெப்போதும் இல்லாத மூர்க்கத்தோடு எழுகின்றன. முயற்சி வீணாயிற்றென்று எண்ணிப் பலர் திரும்பிவிடுவதும் அந்த இடத்திலேதான். அவர்களுடைய முயற்சி வீணாகவில்லை என்று மிதவையின் கணக்கு சொல்லுகிறது. அதைவிட நுட்பமான இன்னொன்றும் அங்கே இருக்கிறது. அந்த மேட்டிலே சிக்கிய விமானத்தை எப்படியாவது வானத்தில் ஏற்றிவிட வேண்டும் என்ற ஆவலினால், கரையில் நிற்பவன் மூக்கை மேலே தூக்கும் விசையை விடாமல் இழுத்துப் பிடித்தானானால், மிதவையின் குதிகால் நீரில் மேலும் அழுந்தி, வேகம் கூடாமல், விமானம் அங்கேயே கிடந்து உழலும். தொடக்கத்தில் பிடித்த பிடியைத் தக்க தருணத்தில் அவன் தளர்த்த வேண்டும்; தளர்த்திய பின்பே மிதவை படியின்மேல் ஏறும். மேலே போகவேண்டும் என்னும் பதற்றமே கீழே பிடித்துவைக்கும் பாரமாவதை இங்கே காண்கிறோம். வள்ளுவர் துறவைப் பேசும் அதிகாரத்தின் முடிவில், பற்றை விடுவதற்கென்றே பற்றற்றவனைப் பற்றிக்கொள்ளச் சொன்னார். விடுகிறேன் விடுகிறேன் என்று விடுதலையே ஒரு பற்றாய்ப் போகும் அபாயத்தை அவர் அறிந்திருந்தார் என்றே நான் கருதுகிறேன்.

இந்த இடத்தில் நம்முடைய தரிசனங்களுக்குள்ளே உள்ள பெரிய பிணக்கு குறுக்கிடுகிறது. பிரபஞ்சம் தோற்றம் மாத்திரமே, பரமார்த்தத்தில் அதற்கு இருப்பில்லை என்று அத்வைத ஆசாரியர்கள் ஸ்தாபித்தார்கள். வித்தியாரண்யர் தம்முடைய பஞ்சதசியில் சித்திரதீபம் என்றே ஒரு பிரகரணம் வகுத்து, திரைச்சீலையில் தீட்டிய படத்தைத் திருஷ்டாந்தமாகக் கொண்டு அந்த வாதத்தை விளக்கினார். மறுபுறத்தில், மாயை உள்பொருள் என்று சாதித்தவர்கள் மெய்கண்டாரும் அவர் வழியினரும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களுக்கு, பொதிகையடியிலுள்ள விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் மாபாடியம் கண்டார். அந்த மரபின்படி, உயிரை அனாதியே மறைத்து நிற்கும் இருள் ஆணவம். தனு, கரண, புவன, போகங்களைத் தந்து அந்த இருளிலே உயிருக்குச் சிறிது அறிவும் செயலும் விளங்கச் செய்வது மாயை. உடம்பும் உலகமும் பாசந்தான், ஆயினும் இறைவன் உயிருக்கு உபகாரமாகக் கூட்டிவைத்த பாசம். நீர் தடையாகவும் இருக்கிறது, தாங்கலாகவும் இருக்கிறது என்பதை மறுக்காமல் இரண்டையும் ஒருங்கே ஏற்கும் இந்தக் கொள்கையில்தான் என் மனம் அமைகிறது. நீரைப் பொய்யென்று கூறிவிட்டால், பின்பு நம்மைப் படியின்மேல் ஏற்றியது எது என்ற கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. வித்தியாரண்யருடைய மேதைக்கு முன் தலைவணங்கியே இதனைச் சொல்லுகிறேன்.

குற்றாலத்தார் இந்த வாதத்துக்குத் தம் ஊரிலேயே ஒரு சாட்சியை வைத்திருக்கிறார்கள். நடராசப் பெருமானின் ஐந்து சபைகளுள் ஒன்றாகிய சித்திரசபை அங்கே இருக்கிறது. மற்ற நான்கு தலங்களிலும் திருமேனியாய் நின்றாடும் பெருமான், இங்கே சுவரில் தீட்டிய சித்திரமாகவே எழுந்தருளி வழிபாடு ஏற்கிறார். திருஷ்டாந்தத்தில் பொய்த்தன்மைக்கு அடையாளமான படத்தையே பரம்பொருளின் உருவமாகக் கொண்டு தீபாராதனை செய்யும் ஊரிலே, பிரபஞ்சமாகிய படத்தை வெறுத்து ஒதுக்கும் மனம் எளிதில் வேர்கொள்ளாது. அருவியிலும் குறும்பலாவிலும் தெய்வத்தைக் கண்ட ஊர் அது. திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடும்போது மலையையும் மந்தியையும் தேனையும் விலக்கிவிட்டுக் குற்றாலநாதரைப் பாடவில்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மனம் அசைவற்ற நீர்ப்பரப்பைப் போல் இருக்க வேண்டும் என்று சமய நூல்கள் யாவும் கூறுகின்றன. அசைவற்ற நீரிலேதான் நிலா முழுதாய்த் தெரியும் என்ற அந்த உபதேசத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் மிதவை விமானம் அறிந்த ஓர் உண்மையைப் பக்கத்திலே வைக்கவேண்டியிருக்கிறது. விடியற்காலையில், மேல்காற்று எழாத வேளையில், குளம் கண்ணாடியாய்க் கிடந்தபோது, அந்த இளைஞருடைய விமானம் படியின்மேல் ஏறி எத்தனை தூரம் ஓடியும் நீரைவிட்டு எழவில்லை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு கரைமேல் வந்த முதியவர் ஒருவர் நின்று பார்த்து, "தண்ணி இத விடாது போலிருக்கே, தம்பி?" என்றார். "எதுத்தாப்புல காத்து வந்தா விட்டுரும் தாத்தா" என்று இளைஞர் விடை கூறினார். அதுவரை காத்திராமல், அவர் விமானத்தை நீரின்மேலேயே ஒருமுறை வட்டமாய் ஓட்டி, தன் ஓட்டத்தால் எழுந்த சிற்றலைகளைக் குறுக்கே கடக்கும்படி திருப்பினார். அலையின் முகட்டில் மிதவை தட்டிய மாத்திரத்தில் அது விடுபட்டு எழுந்தது. பெரிய கடல்விமானங்களை ஓட்டுவோரும் கண்ணாடி நீரில் இதே உபாயத்தைக் கையாளுகிறார்கள். கண்ணாடி நீரில் இறங்குவது எழுவதைவிடக் கொடியது. வானமே கீழேயும் தெரிவதால் நீர்மட்டம் எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குப் புலப்படாது. ஆதலால் தேர்ந்த விமானி தன் கண்ணை நம்பாமல், கரையோரமாய் வந்து, சீரான சிறு வீதத்தில் இறங்கிக்கொண்டே, தொடுவது தானாக நிகழட்டும் என்று பொறுத்திருப்பான். அமைதியில் அகப்பட்டுக்கொண்ட சாதகர்கள் உண்டு. சலனமற்ற நிலையின் இன்பத்தையே வீடென்று எண்ணி, அந்த வழவழப்பினாலேயே பிடிக்கப்பட்டுக் கிடப்பவரை மீண்டும் அசைத்துவிடுவதற்கு ஒரு பசித்த மனிதனோ அழும் குழந்தையோ வாயிலில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. செங்கோட்டைக் கணவாயின் வழியே ஆடி மாதத்தில் பாயும் மேல்காற்று, தென்காசிச் சீமையில் எல்லாருக்கும் தெரிந்த விருந்தாளி. கிழக்கு நோக்கிய காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரத்துள் நுழைபவரை அந்தக் காற்று எதிரே வந்து மார்பில் தள்ளும். வேட்டியையும் மேல்துண்டையும் பிடித்துக்கொண்டு, சற்றே முன்குனிந்துதான் உள்ளே போக வேண்டும். விமானமும் காற்றுக்கு எதிராகவே எழுகிறது. பின்னிருந்து தள்ளும் காற்று, இறக்கைக்குக் கிடைக்கவேண்டிய வேகத்தைப் பறித்துவிடும். எதிர்த்து வரும் காற்று, நீரின்மேல் ஓடவேண்டிய தூரத்தைக் குறைத்து இறக்கைக்கு விசை தருகிறது. அந்தக் கோயிலை 1446-ல் எடுக்கத் தொடங்கிய அரிகேசரி பராக்கிரம பாண்டியர், மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய குலத்தில் வந்தவர். காலம் அவருக்கு எதிர்க்காற்றாகவே வீசியது. அவர் அங்கே பொறித்துவைத்த கல்வெட்டுப் பாடலில், இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் பழுது நேருமாயின் அதனைத் திருத்திக் காப்பவர் எவராயினும் அவருடைய அடியில் தாம் விழுந்து வணங்குவதாகச் சொல்லியிருக்கிறார். முடிசூடிய மன்னன், இன்னும் பிறவாத, பெயர் தெரியாத, எக்குலத்தவரென்றும் அறியாத மனிதர்களின் காலில் விழுகிறான். கோயிலின்மேல் அவருக்கிருந்த அன்பு அளவற்றது; ஆனால் அது என்னுடையது என்ற பிடி அதிலே இல்லை. உலகத்தின்மேல் முழு எடையோடு அமர்ந்திருந்தும் அதில் அமிழாத நிலை எப்படியிருக்கும் என்று கேட்பவருக்கு நான் அந்தக் கல்லைக் காட்டுவேன். நெடுங்காலம் சிதைந்து மொட்டையாய் நின்ற அந்தக் கோபுரம் 1990-ல் மீண்டும் எழுந்து முழுவடிவு பெற்றபோது, அவருடைய வணக்கத்துக்கு உரியவர்கள் ஐந்நூறு ஆண்டு கழித்து வந்து சேர்ந்தார்கள்.

இந்தத் திருஷ்டாந்தத்துக்கு ஓர் எல்லை உண்டென்பதை மறைக்கலாகாது. விமானத்துக்குள்ளே யாருமில்லை, அதனை நடத்துபவர் கரையிலே நிற்கிறார், 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில், கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத வழியில் அவருடைய குறிப்பு அதற்குப் போய்ச் சேருகிறது. இத்தகைய விமானத்தை இயக்குபவர் அதனைத் தம் பார்வையெல்லைக்கு அப்பால் விடலாகாது என்று 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளும் கட்டளையிடுகின்றன. மறைந்து நின்று நடத்தும் அருளைத் திரோதான சக்தி என்று சித்தாந்திகள் அழைத்தது நினைவுக்கு வருவது இயல்பே. மறைத்தலும் அருளின் தொழிலே என்று அவர்கள் துணிந்தார்கள். ஆனால் விமானம் ஜடம். தன்னை நீர் பிடித்ததையும் அறியாது, விட்டதையும் அறியாது. உயிரோ இச்சையும் ஞானமும் கிரியையும் உடையது; கட்டில் அவை மழுங்கியிருக்கலாம், அழிந்திருப்பதில்லை; முத்தியிலும் அது உயிராகவே இருந்து இன்பத்தை நுகருகிறது என்பதே அந்த மரபின் துணிபு. ஆதலால் மிதவை விமானத்தைக்கொண்டு ஆன்மாவின் சுதந்திரத்தை அளக்க முயல்வது பொருந்தாது. பற்று எவ்வாறு தளர்கிறது என்பதற்கு மட்டுமே நான் அதனைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

அந்த அளவில் நின்று இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். புத்த பகவான், ஆற்றைக் கடந்த பிறகு தெப்பத்தைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நடப்பவன் அறிவிலி என்று தம் பிக்ஷுக்களுக்கு எடுத்துரைத்தார். தர்மமும் கடப்பதற்கே, பிடித்துக்கொள்வதற்கன்று என்பது அதன் கருத்து. ஒப்பற்ற உபதேசம். ஆனால் மிதவை விமானம் மிதவைகளைக் கழற்றி எறிந்துவிட்டு எழுவதில்லை. வானத்திலே அவற்றால் ஒரு பயனும் இல்லை. எடை கூடுகிறது, காற்று தடுக்கிறது, வேகம் குறைகிறது. அப்படியும் அது அவற்றைச் சுமந்தே பறக்கிறது, திரும்பி வரவேண்டிய இடம் நீராக இருப்பதனால். உலகத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை என்று முடிவு செய்தவருக்குத் தெப்பம் சுமை. திரும்பிவந்து பிறரிடையே வாழவேண்டும் என்று கருணையால் கட்டுண்டவருக்கு அது சுமையானாலும் இன்றியமையாத சுமை. நம் நாட்டு அடியார்களிலே மிகப் பலர் இந்த இரண்டாம் வகையினர் என்று எனக்குத் தோன்றுகிறது. நாகப்பட்டினத்துப் பரதவராகிய அதிபத்தர் நாள்தோறும் வலையில் அகப்படும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலே விட்டார். வறுமை முற்றி ஒரே மீன் கிடைத்த நாளிலும், அது பொன்மீனாய்ப் பளபளத்த நாளிலும், விட்டார். அவர் கடலைத் துறக்கவில்லை; படகில் நின்றபடியே துறந்தார்.

திருநாவுக்கரசரைக் கல்லோடு பிணித்துக் கடலில் எறிந்தார்கள் என்றும், அமிழ்த்த வந்த அந்தக் கல்லே தெப்பமாகிக் கடலூருக்கு அருகே திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் அவரைச் சேர்த்தது என்றும் பெரியபுராணம் கூறுகிறது. கரையேறவிட்டகுப்பம் என்று இன்றும் அந்த இடத்துக்குப் பெயர் வழங்குகிறது. அதைவிடப் பெரிய விடுதலை ஒருவருக்கு நேர முடியாது. ஆயினும் கரையேறிய அவர் அங்கே அமர்ந்துவிடாமல், கையில் உழவாரத்தை ஏந்தி, முதுமையிலும் ஊர் ஊராக நடந்து, கோயில் முற்றங்களில் முளைத்த புல்லைச் செதுக்கிக்கொண்டே திருப்புகலூர் வரையில் போனார். அங்கே அவர் உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்றின. அவர் அவற்றைப் பருக்கைக் கல்லோடு கல்லாக வாரி அருகிருந்த வாவியிலே எறிந்துவிட்டு, அதே உழவாரத்தால் அடுத்த புல்லைச் செதுக்கத் தொடங்கினார்.